ஜப்பானில் வெளியே சாப்பிடுவது எப்படி: கிளம்பும் முன் தொடங்கி பில் கட்டும் வரை

ஜப்பான் போனவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்குத் திண்டாடினால், காரணம் பெரும்பாலும் கடைக்குள் நுழைவதற்கு முன்பே நடந்த தவறுதான். கடை மூடிய நேரத்தில் போய் நிற்பார்கள். மெஷின் வாங்கிக்கொள்ளாத நோட்டு கையில் இருக்கும். எதைச் சாப்பிட மாட்டோம் என்பதைத் தட்டு வந்த பிறகு சொல்வார்கள். அதனால் இந்த வழிகாட்டி செய்ய வேண்டிய வரிசையிலேயே போகிறது. முதல் மூன்று படிகளை ஊரிலேயே முடித்துவிடலாம்.

1. எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

எல்லாம் சாப்பிடுகிறவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், ஒவ்வாமை என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் டாஷி என்ற சாறு. கட்சுவோபுஷி என்ற மீன் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் வெந்நீரில் போட்டு வடித்தெடுப்பது. கட்சுவோபுஷி நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். அதே சூரை வகை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து, மரச் சீவல்போல் சீவுகிறார்கள்.

இந்தச் சாறு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் இருக்கும், உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) குழம்பில் இருக்கும். சோபா (பக்வீட் என்ற தானிய நூடுல்ஸ்), தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாஸிலும், வேகவைத்த காய்கறியிலும், முட்டை ரோலிலும், ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மாவிலும் இருக்கும். மீன் துண்டு எதுவும் கண்ணில் படாது. கீரை மட்டுமே இருக்கும் கிண்ணத்தில்கூட அடியில் தேங்கியிருப்பது மீன் சாறாக இருக்கலாம்.

டாஷியைக் காலையிலேயே மொத்தமாக வடித்து வைத்துவிடுவார்கள். ஒரு தட்டுக்கு மட்டும் அதை விலக்க முடியாது. ‘எங்களால் முடியாது’ என்று கடைக்காரர் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்ய முடியாததை முடியும் என்று சொல்லாதது அவருடைய நேர்மை.

நீங்கள் எந்த நிலை என்று முடிவு செய்யுங்கள். இறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் ஜப்பான் மிக எளிது. மீன் துண்டு வேண்டாம், டாஷி பரவாயில்லை என்றால் கொஞ்சம் கவனம் போதும். டாஷியும் கூடாது என்றால் ஒவ்வொரு வேளைக்கும் கடையை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். பசித்த பிறகு தெருவில் இறங்கித் தேடினால் கிடைக்காது.

‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ‘நிக்கு’ என்றால் இறைச்சி. ஆனால் பலர் காதில் அது மாடு, பன்றித் துண்டாகத்தான் விழும். கோழியும் பொடியாக நறுக்கிய பேக்கனும் அந்தக் கணக்கில் சேராமல் தட்டுக்கு வந்துவிடும். ஒசாகா பக்கம் வெறுமனே ‘நிக்கு’ என்றாலே மாடுதான். பன்றி வைத்த பன்னை அங்கே தனியாக ‘புதாமான்’ என்று சொல்வது அதனால்தான். ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள்: கியூநிக்கு (மாடு), புதாநிக்கு (பன்றி), தொரிநிக்கு (கோழி), சகானா (மீன்), எபி (இறால்), ஈகா (கணவாய்), கட்சுவோ டாஷி (மாசிச் சாறு).

மாடு மட்டும் வேண்டாம் என்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. ஹம்பாகு என்ற இறைச்சி வடையில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும். கொரோக்கே என்ற உருளைக்கிழங்கு கட்லெட்டில் கொத்திய மாட்டிறைச்சி சேர்ப்பது வழக்கம். ஜப்பானியக் கறிக் குழம்புக்கான மசாலாக் கட்டி பலவற்றில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பார்கள், ‘காய்கறிக் கறி’ என்று பலகையில் எழுதியிருந்தாலும் சரி.

இதையெல்லாம் ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் செய்தால், வந்த ஜப்பானிய வரியைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிச் சரிபாருங்கள். ‘பிடிக்காது’ என்று எழுதாமல் ‘தபேராரெமாசென்’, அதாவது ‘சாப்பிட முடியாது’ என்று எழுதுங்கள். பிடிக்காது என்றால் ருசி விஷயம் என்று நினைத்துக் குறைத்துப் போடுவார்கள், சாப்பிட முடியாது என்றால் சமையலறையில் போய்க் கேட்டு வருவார்கள். எதைச் சாப்பிடலாம் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். கொம்பு டாஷி, முட்டை, பால் சரி என்றால் அதை எழுதுங்கள். சமைப்பவருக்கு வழி தெரிவது அந்த வரியில்தான்.

கேள்வி கேட்கும் முறையில் தமிழர்களுக்கு ஒரு வசதி. ஜப்பானிய வாக்கிய வரிசை நம்முடையதுபோலவே போகும், கடைசி ‘கா’ நம் ‘ஆ’ செய்யும் வேலையைச் செய்யும். ‘புதாநிக்கு கா ஹைத்தே இமாஸ் கா?’ என்றால் ‘பன்றி இருக்கிறதா?’ பதில் ‘ஹைத்தே இமாஸ்’ என்றால் இருக்கிறது, ‘ஹைத்தே இமாசென்’ என்றால் இல்லை. இப்படிக் கேட்டால் பதில் தெளிவாக வரும். ‘இது சரியா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தைஜோபு’ என்பார்கள். அது ‘பரவாயில்லை’, ‘சரி’, ‘வேண்டாம்’ என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் சொல். ‘சோத்தோ…’ என்று இழுத்தால் ‘முடியாது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் அதற்கு மேல் முடிவடையாது.

பெரிய கடைகளில் ஒவ்வாமைப் பட்டியல் கேட்டால் தருவார்கள். அதைச் சைவப் பட்டியலாகப் படித்துவிடக் கூடாது. பொட்டலப் பொருளில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை இறால், நண்டு, கோதுமை, பக்வீட் (சோபா), முட்டை, பால், வேர்க்கடலை, வால்நட் போன்றவை. கட்சுவோ அதில் இல்லை. கட்டம் முழுக்கக் காலியாக இருந்தாலும் மாசிச் சாறு உள்ளே இருக்கலாம்.

டாஷியும் கூடாதவர்களுக்கு உறுதியான வழி ஷோஜின் ரியோரி என்ற புத்தக் கோயில் சாப்பாடு. சாறு கொம்பிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் எடுப்பார்கள். பூண்டு, வெங்காயம்கூட விலக்கு. கியோத்தோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் ‘ஷிகெட்சு’ இருக்கிறது, மதியத்துக்குப் போகலாம், தோட்ட நுழைவுச்சீட்டு தனி. கோயாசான் மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடமும் சாப்பாடும் தருகின்றன. தோக்கியோ ரயில் நிலையத்தில் ‘டீஸ் தான்தான்’ என்ற கடை விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காத ராமென் (சூப் நூடுல்ஸ்) தருகிறது. அது டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இட்லி, தயிர்சாதம் இல்லாமல் முடியவே முடியாது என்றால், தோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷிகசாய் பக்கம் போகலாம்.

2. காசு, கார்டு, கைக்குட்டை

கையில் 1,000 யென் நோட்டு எப்போதும் நாலைந்து இருக்கட்டும். சிறிய ராமென் கடைகளின் டிக்கெட் மெஷின்கள் பல 1,000 நோட்டும் நாணயமும் மட்டுமே வாங்கும். ஏடிஎம் தருவதோ பெரும்பாலும் 10,000 நோட்டு. அதை முதலில் ஒரு கன்வீனியன்ஸ் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2024 ஜூலையில் புது வடிவ நோட்டுகள் வந்தன. பழைய மெஷின் சில அவற்றைத் துப்பிவிடும். மெஷின் திருப்பித் தந்தால் நோட்டில் பிழை என்று நினைக்காமல் பழைய வடிவ நோட்டையோ 100 யென் நாணயங்களையோ போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு கார்டில் பணம் எடுக்க செவன் இலெவன் கடைகளிலுள்ள செவன் பேங்க் ஏடிஎம் எளிது. சுயிகா, இகோகா போன்ற ரயில் கார்டில் பணம் ஏற்றி வைத்தால் கன்வீனியன்ஸ் கடை, பானம் விற்கும் மெஷின், பல சங்கிலிக் கடைகளில் தட்டிவிட்டுப் போகலாம்.

கைக்குட்டையும் ஒரு சின்னக் குப்பைப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத் தொட்டி அரிது, கழிப்பறைகள் பலவற்றில் கை துடைக்கக் காகிதம் இருக்காது.

3. நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

மதியச் சாப்பாடு 11:30 முதல் 2 மணி வரை. அதன் பிறகு பல கடைகள் மூடி, மாலை 5 அல்லது 5:30க்குத்தான் திறக்கும். கோயில் சுற்றிவிட்டு மூன்றரை மணிக்குப் பசியோடு வருகிற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். 12 முதல் 1 மணி வரை அலுவலகக் கூட்டம் நிறையும். 11:20க்கே வாசலில் நின்றால் கடை திறந்ததும் உட்காரலாம்.

பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெரிய கடைக்கு மதியம் போங்கள். இரவில் பல ஆயிரம் யென் ஆகும் கடைகள் பலவற்றில் அதே சமையலறையின் மதிய ‘தெய்ஷோகு’, அதாவது சோறு, சூப், ஊறுகாய், ஒரு முக்கிய உருப்படி சேர்ந்த தட்டு, 1,000 முதல் 2,000 யென்னுக்குள் கிடைத்துவிடும்.

‘இரவு 9 மணி வரை’ என்றால் கடைசி ஆர்டர் 8 அல்லது 8:30. ‘ராஸ்து ஓதா’ என்று எழுதியிருக்கும் நேரம்தான் உங்களுக்கு முக்கியம். டிசம்பர் கடைசி நாளிலிருந்து ஜனவரி 3 வரை சிறிய கடைகள் பலவும் மூடியிருக்கும். தோக்கியோ சுகிஜி வெளிச் சந்தைக்குக் காலையிலேயே போங்கள், மதியம் 2 மணிக்குள் பெரும்பாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஞாயிறும் பல புதன்கிழமைகளும் அங்கே விடுமுறை.

கடை தேடும்போது, ‘தபேலோக்’ தளத்தின் மதிப்பெண்ணை நம் ஊர்க் கணக்கில் படிக்காதீர்கள். அங்கே 3.5 என்றாலே மிக நல்ல கடை. 3.2 கடையில் வயிறும் மனமும் நிறையச் சாப்பிடலாம்.

4. முன்பதிவு

ராமென், சோபா, தட்டுகள் பட்டையில் ஓடிவரும் கன்வேயர் சுஷி ஆகியவற்றுக்கு முன்பதிவு பெரும்பாலும் வேண்டியதில்லை. சமையல்காரரே வரிசை முடிவு செய்யும் ‘ஒமகாசே’ சுஷி, பல சின்னத் தட்டுகளாக வரும் கைசெகி விருந்து, வெள்ளி சனி இரவு இசகாயா (குடிக்கவும் கொறிக்கவும் போகும் கடை) ஆகியவற்றுக்கு வேண்டும். எட்டு இருக்கைக் கடையில் அன்று காலை வாங்கிய மீன் எட்டுப் பேருக்கு அளந்தது. நீங்கள் வராவிட்டால் அந்தப் பங்கு வீண். அதனால்தான் ரத்துக் கட்டணம் முழுத்தொகைவரை போகிறது. கவுண்டர் சுஷிக்குப் போகும் நாளில் வாசனைத் திரவியம் பூச வேண்டாம், பத்து நிமிடம் தாமதமும் வேண்டாம். உணவுக் கட்டுப்பாட்டைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

5. வாசலில்

நோரென் என்ற துணித் திரை வாசலில் தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு எரிந்து, திரை மட்டும் இல்லையென்றால் சமையல் தயாராகிக்கொண்டிருக்கிறது. கதவைத் தட்ட வேண்டாம்.

உள்ளே போனதும் நேராகக் காலி மேசையில் உட்காரக் கூடாது. வாசலுக்கு உள்ளே நில்லுங்கள். ‘நான்மெய்சாமா தேஸ் கா?’ என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும். ஒருவர் ‘ஹிதோரி’, இருவர் ‘ஃபுதாரி’, மூவர் ‘சன்னின்’, நால்வர் ‘யோனின்’. சைவ அட்டையைக் காட்ட வேண்டிய நொடி இதுதான். உட்கார்ந்து, தண்ணீர் வந்து, பிறகு எழுந்து போவது இரு தரப்புக்கும் சங்கடம். வாசலில் கேட்டுவிட்டு ‘அரிகாத்தோ’ சொல்லித் திரும்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

வரிசை இருந்தால் பெயர் எழுதும் தாளோ எண் தரும் மெஷினோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் வெறுமனே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. சில கடைகளில் முதலில் டிக்கெட் வாங்கிவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் இடம் பிடித்து மற்றவர்கள் பிறகு வந்து சேர்வது பல இடங்களில் கூடாது.

பெரிய பெட்டியோடு கவுண்டர் கடைக்குப் போகாதீர்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நகரும் இடம்கூட இருக்காது. நிலையத்து லாக்கரில் வைத்துவிடுங்கள். ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்தே தீருவோம் என்றால் சின்னக் கடை கிடைக்காது. இரண்டு இரண்டாகப் பிரிந்தால் பத்து நிமிடத்தில் இடம் கிடைக்கும். தலைக்கு ஓர் உருப்படியாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு கிண்ண ராமெனை மூன்று பேர் பகிர்வது கவுண்டர் கடையில் நடக்காது.

தரை உயர்ந்து பாய் விரித்திருந்தால் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றுங்கள். கிழியாத காலுறை போட்டிருப்பது நல்லது.

6. டிக்கெட் மெஷின்

ராமென், கியூதோன் (மாட்டிறைச்சி போட்ட சோறு), நிலையத்து உடோன் கடைகளில் கதவருகே நிற்கும் பெட்டி. புதியவர்கள் பொத்தானை முதலில் அழுத்திப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. பணம் முதலில்.

நோட்டைப் போட்டதும் அந்தத் தொகைக்குள் அடங்கும் பொத்தான்கள் விளக்கெரியும். எரியாத பொத்தான் என்றால் காசு போதவில்லை. அதில் சிவப்பாக ஒரு குறி எரிந்தால் உருப்படி தீர்ந்துவிட்டது. எதுவும் படிக்கத் தெரியாவிட்டால் இடது மேல் மூலையிலுள்ள பொத்தான்: கடையின் முதன்மை உருப்படியை அங்கேதான் வைப்பது பரவலான வழக்கம். வரிசையின் பின்னால் ஆள் நிற்கும்போது பதற்றம் வரும். அதனால் மெஷினுக்கு வருமுன் கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள்.

ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கூடுதல் முட்டை, கூடுதல் நூடுல்ஸ் எல்லாம் கீழ் வரிசையின் சின்னப் பொத்தான்களில் இருக்கும். மீதி தானாக விழாவிட்டால் பக்கத்தில் ஒரு நெம்புகோலோ ‘ஒட்சுரி’ (மீதிச் சில்லறை) பொத்தானோ இருக்கும், அதை இயக்குங்கள். மீதிச் சில்லறையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர்.

டிக்கெட்டைக் கவுண்டரில் வைத்தால் பாதி கிழித்து எடுத்துக்கொள்வார்கள். அப்போது ஏதாவது கேட்டால் நூடுல்ஸ் பதமோ சூப்பின் காரமோ கேட்கிறார்கள் என்று பொருள். ‘ஃபுட்சூ’ (சாதாரணமாக) என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

7. உட்கார்ந்த பின்

ஈரத் துணி, ஒஷிபோரி, கைக்கு மட்டும். தண்ணீரோ தேநீரோ பெரும்பாலும் இலவசம். மேசையில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் கையைத் தூக்கி ‘சுமிமாசென்!’ என்று சற்று உரக்கவே கூப்பிடலாம். கண் ஜாடைக்காகக் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். அழைக்காமல் வந்து நிற்பதை அவர்கள் தொந்தரவாக நினைக்கிறார்கள்.

குச்சி விஷயத்தில் இரண்டு மட்டும் கண்டிப்பு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. முதலாவது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை. இரண்டாவது தகனத்துக்குப் பின் எலும்பை எடுக்கும் முறை. மற்றதெல்லாம் பழகப் பழக வரும். முள்கரண்டி கேட்டால் வெட்கமில்லை, ‘ஃபோக்கு’ என்றாலே போதும்.

சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் கையில் தூக்கிச் சாப்பிடுங்கள். சூப்பை விளிம்பில் வாய் வைத்தே குடிக்கலாம். தலையைக் கிண்ணத்துக்குக் குனிவதுதான் அங்கே அழகற்றது.

8. உணவு வாரியாக, தவறு நடக்கும் இடங்கள்

ராமென்: வந்தவுடன் சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நூடுல்ஸ் சூப்பில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும். உறிஞ்சும் சத்தம் தவறில்லை. ஹகாதா பாணிக் கடையில் நூடுல்ஸ் மெல்லியது, அளவும் குறைவு. தீர்ந்ததும் ‘கயேதாமா’ என்று கேட்டால் நூடுல்ஸ் மட்டும் மறுபடி தருவார்கள். அதற்காகச் சூப்பைப் பாதியாவது மிச்சம் வையுங்கள். சூப் முழுவதையும் குடித்துவிட்டு கயேதாமா கேட்பது புதியவர்களின் வழக்கமான பிழை. சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள், வெளியே ஆள் நிற்கும்.

குளிர்ந்த சோபா: கொஞ்சமாக எடுத்து சாஸில் பாதி மட்டும் நனைத்து உறிஞ்சுங்கள். கடைசியில் கெட்டிலில் வெள்ளையாகக் கலங்கிய வெந்நீர் வரும். அது சோபா வேகவைத்த நீர், ‘சோபாயு’. மிஞ்சிய சாஸில் ஊற்றிக் குடிப்பது. சாஸை அப்படியே குடிக்காதீர்கள், உப்பு தாங்காது.

கன்வேயர் சுஷி: வாசல் மெஷினில் ஆள் எண்ணிக்கையும் கவுண்டரா மேசையா என்பதையும் அழுத்தி எண் சீட்டு எடுங்கள். மேசையில் தொடுதிரை இருக்கும், மொழியை மாற்றலாம். திரையில் கேட்ட தட்டு உங்கள் மேசைக்கு வரும்போது ஒலி கேட்கும். வேறொருவர் ஆர்டர் என்று குறியிட்ட தட்டு உங்களைக் கடந்து போனால் தொடாதீர்கள்.

எதிரே ஒரு கறுப்புப் பொத்தானோடு குழாய் இருக்கும். அது கை கழுவ அல்ல. கொதிநீர் வரும், கை வெந்துவிடும். கோப்பையில் பச்சைத் தேயிலைப் பொடியை ஒரு சின்னக் கரண்டி போட்டு, கோப்பையால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தேநீர். குழந்தைகளைக் குழாய்ப் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.

பெரிய சங்கிலிக் கடைகளில் வசாபி என்ற பச்சைக் கார விழுதைத் தனியாக வைத்துவிடுவார்கள். கவுண்டர் கடையில் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் தடவியே வரும். வேண்டாமென்றால் முன்பே ‘சபி நுகி’ (வசாபி இல்லாமல்) சொல்லுங்கள். சுஷியைக் கையால் எடுப்பது முறைதான். சாய்த்து, மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் சோயாவை உறிஞ்சி, உதிர்ந்து கிண்ணத்தில் விழும். சமையல்காரர் சாஸைத் தடவியே தந்தால் சோயா வேண்டாம். இஞ்சித் துண்டு ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைத் துலக்க, சுஷியின் மேல் வைக்க அல்ல.

சைவர்களுக்கு இங்கே வெள்ளரி ரோல் (கப்பா மாகி), ஊறுகாய் ரோல் (ஒஷின்கோ மாகி). பொரித்த டோஃபு (சோயாப் பன்னீர்) பையில் சோறு வைத்த இனாரி சைவம்போலத் தெரிந்தாலும் பையை டாஷியில் வேகவைப்பதே வழக்கம்.

யாகிநிக்கு (மேசையிலேயே நாம் சுட்டுக்கொள்ளும் இறைச்சி): பச்சை இறைச்சியைத் திருப்ப இடுக்கி, வாய்க்குக் குச்சி. இரண்டையும் கலந்தால் வயிறு கெடும். வேகாத கோழி உருப்படிகளைப் பயணத்தில் தவிர்ப்பதே புத்தி. பச்சை முட்டையைப் பொறுத்தவரை கவலை குறைவு, அங்கே விற்கும் முட்டையில் பச்சையாகச் சாப்பிடும் கெடுவைத்தான் அச்சிடுகிறார்கள். வேண்டாமென்றால் ‘தமாகோ நுகி’.

9. இசகாயா

குடிக்கவும் கொறிக்கவும் போகும் கடை. உட்கார்ந்ததும் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது ‘ஒதோஷி’. தலைக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். ஏமாற்று அல்ல, இருக்கைக் கட்டணத்தை உணவாகத் தருகிறார்கள். மறுப்பது பொதுவாக முடியாது. ஆனால் சைவம் என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தக் கிண்ணத்தில் மீன் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் பானம் கேட்பார்கள், உணவை அதன் பிறகு யோசிக்கலாம். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் (ஊரொன்சா) கேட்கலாம். மது 20 வயதுக்கு மேல்தான். ‘நோமிஹோதாய்’ என்ற அளவற்ற பானத் திட்டத்தில் பொதுவாக மேசையிலுள்ள எல்லோரும் சேர வேண்டும். நேரம் 90 அல்லது 120 நிமிடம், கடைசி ஆர்டர் அதற்குச் சற்று முன்பே முடிந்துவிடும். இருவர் குடித்து நால்வருக்குக் கட்டுவது நஷ்டம்.

டாஷி கவலை உள்ளவர்கள் இங்கே எடமாமே (பச்சை சோயாக் காய்), பொரித்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, உப்புப் போட்டுச் சுட்ட காய்கறி என்று ஒரு வேளையை ஓட்டிவிடலாம். குளிர்ந்த டோஃபு (ஹியாயக்கோ) கேட்டால் ‘கட்சுவோபுஷி நுகி’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், மேலே சீவலைத் தூவித்தான் தருவார்கள்.

10. கன்வீனியன்ஸ் கடையும் அடித்தளமும்

செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன். காலை உணவுக்கும் மூன்றரை மணிப் பசிக்கும் இவைதான் கை கொடுக்கும்.

ஒனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டையைப் பிரிப்பதற்கு முறை உண்டு. கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாக இருக்க, சோற்றில் படாமல் இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவில் வைத்திருப்பார்கள். உச்சியில் 1 என்றிருக்கும் நாடாவைப் பிடித்து, கீழே இறக்கி, பின்பக்கம் சுற்றி முழுவதும் உரித்தெடுங்கள். உறை இரண்டாகப் பிரியும். பிறகு 2 என்ற மூலையைப் பக்கவாட்டில் இழுங்கள், கடைசியில் 3. நடுவிலிருந்து கிழித்தால் தாள் பிளாஸ்டிக்கோடு போய்விடும், கையில் வெறும் சோற்று உருண்டை மிஞ்சும்.

உப்பு ஒனிகிரி, உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) ஒனிகிரி சைவத்துக்கு நெருக்கமானவை. இருந்தாலும் பின்னாலுள்ள பட்டியலைக் கேமராவில் பாருங்கள். ‘உமே கட்சுவோ’ என்று மாசி கலந்ததும் அதே நிறத்தில் பக்கத்திலேயே இருக்கும்.

பெரிய துணிக்கடை மாளிகைகளின் அடித்தளத்தில் உணவுத் தளம் இருக்கும், ‘தெபாச்சிகா’. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பெட்டிச் சாப்பாட்டிலும் சுஷியிலும் தள்ளுபடி ஒட்டுவார்கள். ‘ஹங்காகு’ என்றால் பாதி விலை. வாங்கியதை அறையில் சாப்பிடலாம். நீண்டதூர ஷிங்கான்சென் அதிவேக ரயிலிலும் தாராளமாகச் சாப்பிடலாம், நகர ரயிலில் கூடாது. கியோத்தோ நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வாங்கிய கடையின் முன் நின்று முடித்து, குச்சியை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

11. ரியோகானில் இரவு விருந்து

ரியோகான் என்பது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. விருந்து மணி 6 அல்லது 7 என்று குறித்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேருங்கள். தாமதமானால் தொலைபேசியில் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகளுக்கான சரக்கு முன்னதாகவே வாங்கப்பட்டிருக்கும். சைவம் என்பதைப் போய் இறங்கிய பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். அறை பதியும்போது எழுதிக் கேளுங்கள், ‘டாஷியும் கூடாது’ என்ற வரியோடு. முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத கட்டணத்தில் தங்கலாம். ஆனால் மலையூரில் இரவு கடை இருக்காது, கையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

12. பில்

பில் சீட்டு மேசையிலேயே கவிழ்த்தோ சின்னக் குழலில் செருகியோ இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவுக்குப் போங்கள். மேசையிலேயே காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருப்பீர்கள். சீட்டு இல்லாத கடையில் ‘ஒகைகேய் ஒனெகாய்ஷிமாஸ்’ என்றோ இரண்டு ஆள்காட்டி விரலைக் குறுக்காக வைத்துக் காட்டியோ கேளுங்கள். தனித்தனியாகக் கட்ட ‘பெட்சுபெட்சு’. கூட்ட நேரத்தில் சில கடைகள் அதை ஏற்பதில்லை.

விலைப்பலகையில் இரண்டு எண் இருந்தால் பெரியது வரி சேர்ந்தது. உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், எடுத்துச் சென்றால் 8. டிப்ஸ் வைக்காதீர்கள். மறந்து விட்டுப் போனதாக நினைத்து, தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

பணத்தைக் கையில் நீட்டாமல் கல்லாவில் உள்ள சின்னத் தட்டில் வையுங்கள். கிளம்பும்போது ‘கோச்சிசோசாமா தெஷ்தா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். சின்னக் கடையில் உள்ளிருந்து பதில் குரல் வரும். மழை நாளாக இருந்தால் குடையைப் பூட்டி வைத்த எண் சாவி உங்கள் பையில்தான் இருக்கும், குடையைத் திறந்து எடுத்துக்கொண்டு, சாவியைக் குடை நிறுத்தியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.